ஏழு குரங்கும் நான்கு விதிவிலக்கும்

குரங்குப் பீ பொறுக்கி டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கல்யாண மண்டபங்களில் சிரித்தபோதெல்லாம் காமினி வாயைத் திறந்ததில்லை. சிரித்தவர்களின் பெயர்களை மட்டும் மனதில் குறித்துக்கொண்டாள். பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொள்வாள். முப்பத்திரண்டு வயதுக்குள் அவள் சேர்த்து வைத்திருந்த பகைகளைக் கொண்டு ஒரு சின்னக் கட்சியே நடத்தலாம்.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டால் டாக்டர் காமினி, கையோடு அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. தேறாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் குப்பைக்கூடைக்கு. அவளுடைய பேராசிரியர் சிவநேசன் இந்த இரண்டில் எது நடந்தாலும் ஒரே மாதிரிச் சிரிக்கக்கூடியவர் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆராய்ச்சி என்னவோ கேட்பதற்கு எளிமையானதுதான். தண்ணீர்மலைச் சரிவில் நாற்பத்திரண்டு குரங்குகள் கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. காட்டுக் குரங்குக்கு வைரஸ் தொற்றினால், அதன் குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன? எது பெருகுகிறது, எது ஒழிகிறது? குரங்கைப் பிடிக்கக் கூடாது, தொடக் கூடாது. அது போட்டுவிட்டுப் போவதைச் சூடு ஆறுவதற்குள் குழாயில் அள்ளி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மற்றதையெல்லாம் இயந்திரம் சொல்லிவிடும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மழையில், வயிற்றைக் கலக்கும் ஒரு வைரஸ் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. பதினோரு குரங்குகள் படுத்தன. காமினிக்கு அது அதிர்ஷ்டம். பதினொன்றில் ஏழு குரங்குகளின் குடலில், நோய் கண்ட மூன்றாம் நாள், பாலைப் புளிக்க வைக்கும் வகை நுண்ணுயிர்கள் திடீரென்று பல மடங்கு ஏறியிருந்தன. நோயில்லாத குரங்குகளில் அந்த ஏற்றம் துளிகூட இல்லை. வைரஸ் தாக்கியதும் உடம்பே தனக்கு வேண்டிய நல்ல கிருமிகளைத் திரட்டிக்கொள்கிறது என்று அவள் எழுதினாள். 'மூன்றாம் நாள் எழுச்சி' என்று அதற்குப் பெயரும் வைத்தாள். வெளிநாட்டு இதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. மீதி நான்கு குரங்குகளும் எழுச்சி கிழுச்சி எதுவும் காட்டவில்லை. அவற்றை விதிவிலக்கு என்று சொல்லிப் பின்னிணைப்பில் தள்ளிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, குளிர்பெட்டிக் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கூடத்தில் உடன் வேலை செய்யும் நூர் ஃபாத்திஹாவின் கையெழுத்து. குளிர்பெட்டியில் யாருக்கு எந்தத் தட்டு என்ற தகராறில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. எது சொல்வதானாலும் சீட்டுதான். தேர்வாளர் ஒருவர் கிருமிகளின் வகைப்பெயர் மட்டும் போதாது, இனப்பெயரும் வேண்டும் என்று கேட்டிருந்தார். சிவநேசன் மீந்திருந்த மாதிரிகளை எடுத்து, காமினியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த வேலையை நூர் ஃபாத்திஹாவிடம் கொடுத்திருந்தார்.

சீட்டில் மலாய் மொழியில் எழுதியிருந்தது: "உன் மூன்றாம் நாள் கிருமிகள் இரண்டும் தயிர்க் கிருமிகள். கடையில் விற்கும் தயிர், வீட்டில் தோய்க்கும் தயிர், அதே தயிர். தின்றது யார், குரங்கா, நீயா? அறிக்கையைத் திங்கட்கிழமை பேராசிரியருக்கு அனுப்புகிறேன்."

காமினிக்கு முதலில் வந்தது கோபம். இவள்தான் மதியச் சாப்பாட்டை மேசையில் வைத்துத் தின்று மாதிரியைக் கெடுத்திருப்பாள் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது சுகமாகவும் இருந்தது. ஆனால் சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்த அறிக்கை நகலைப் புரட்டப் புரட்ட அந்தச் சுகம் கரைந்துபோனது. அதே நாளில், அதே மேசையில், அதே கையால் சோதிக்கப்பட்ட நோயில்லாத குரங்குகளின் மாதிரியில் தயிர்க் கிருமி ஒன்றுகூட இல்லை. கூடத்தில் கலந்திருந்தால் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். அந்த ஏழில் மட்டும் இருக்கிறது என்றால், அது மலையிலேயே, குரங்கின் வாய் வழியாகப் போயிருக்க வேண்டும்.

அந்த நவம்பரில் மலையில் தினமும் இருந்தவன் ஒருவன்தான். குணாளன்.

நாற்பது வயதுக்காரன். குரங்குக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து மாதிரி சேகரிக்கப் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் எடுத்த ஆள். தன்னைவிட எட்டு வயது மூத்தவனை அவள் ஒரு நாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை, பெயர்தான். தாமதமாக இறங்கி வருகிறான், சொன்னது மண்டையில் ஏறுவதில்லை என்று அவள் எழுதிக் கொடுத்த புகாரில்தான் போன வருடம் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனது. இப்போது கடலுக்கு அக்கரையில், ஜுரு என்ற ஊரில், ஒரு கார்ப் பட்டறையில் இருப்பதாகக் கேள்வி.

காமினி அன்று மத்தியானமே ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். நவம்பர் மாதம் முழுவதும் மலையில் எந்தக் குரங்குக்கும் எந்த உணவும் தரப்படவில்லை என்று குணாளன் உறுதி கூறும் கடிதம். அதில் அவன் கையெழுத்து விழுந்துவிட்டால், தவறு ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்ததாக ஆகிவிடும். கூடத்தில் அந்த மாதிரிகளைக் கடைசியாகத் தொட்டவள் நூர் ஃபாத்திஹா. பழி தானாகவே அவள் தலையில் போய் உட்காரும். இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று காமினிக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை. சொல்லப் போனால் அந்த யோசனை ஒரு கல்லில் இரண்டு மாங்காயாகவே அவளுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடற்பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குப் போனாள். பட்டறையில் ஒரு கார் உயரே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் அடியிலிருந்து குணாளன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ன மேடம், காடி ரிப்பேரா?"

"இல்ல. உங்ககிட்ட ஒரு கையெழுத்து வேணும்."

"என் கையெழுத்துக்குலாம் மதிப்பு வந்துருச்சா?"

காமினி பல்லைக் கடித்துக்கொண்டாள். "குணாளன், நேரா கேக்கறேன். சீக்கு வந்த குரங்குக்கு நீங்க தயிர் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

ஒளிப்பான், மழுப்புவான், அப்போது மடக்கலாம் என்று அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்கிறவனை என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

"உங்களுக்கு அறிவிருக்கா? குரங்குக்குச் சாப்பாடு போடக் கூடாதுன்னு மலை பூரா போர்டு வச்சிருக்கான். நானும் நூறு தடவ சொல்லிருக்கேன்."

"சாப்பாடு போடக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. இது மருந்து. வயித்தால போனா தயிரு குடுக்காம வேற என்ன குடுப்பாங்க? எங்க வீட்டுல அப்படித்தான்."

"யார் உங்கள மருந்து குடுக்கச் சொன்னா?"

"நீங்கதான்." குணாளனின் குரல் ஏறவில்லை. "சீக்கு வந்தது ஒன்னும் திங்காம பாறையில போய்ச் சுருண்டுக்கிச்சு. திங்காததுக்கு எப்படி வெளிய வரும்? அதுக்கு முந்தியே மழையில மூணு நாளு வெறுங்கையோட வந்திருந்தேன். சாம்பிள் இல்லாம மலையிலேர்ந்து எறங்காதீங்கன்னு சொன்னது யாரு? அதான் வீட்டுலேர்ந்து தயிரு கொண்டு போனேன். பழத்தப் போட்டுப் பெசஞ்சு, இலையில வச்சு, மத்ததுங்க வராம குச்சிய வச்சுக்கிட்டு நின்னேன். மொத நாளும் ரெண்டாவது நாளும் தின்னுச்சு. மூணாவது நாளு உங்களுக்கு சாம்பிள் கெடச்சுச்சு. நான் ஏன் லேட்டா எறங்குனேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

மூன்றாம் நாள். வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரை, அவள் பெயர் வைத்த எழுச்சி, புதன்கிழமைக்காகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த பேச்சு, எல்லாம் இவன் வீட்டுத் தயிர்ச் சட்டியிலிருந்து வந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மூணு 555 நோட்டு எழுதிக் குடுத்தேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டுகள், ரப்பர் வளையம் போட்டு. திறந்து பார்த்ததும் பொடிப்பொடி எழுத்தில் தமிழ். குணாளன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். காமினி கான்வென்ட். தமிழ் வீட்டில் பேசுவாள், கடைப்பலகையைப் படிப்பாள், அதற்கு மேல் பொறுமை கிடையாது. இதை யார் உட்கார்ந்து படிக்கிறது, இங்கிலீஷில் டைப் பண்ணி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அவன் கண்முன்னாலேயே அவற்றைக் காரின் பின்பெட்டியில் வீசினாள். பிறகு நேரம், மரம், நிறம் என்று தன்னுடைய படிவத்தில் இருந்த கட்டங்களை மட்டும் அவனிடம் கேட்டு நிரப்பிக்கொண்டாள். தயிர் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

குணாளன் நேராக அவளுடைய காருக்குப் போனான். பின்கதவைத் தூக்கச் சொன்னான். குடை, காலணி, பழைய குழாய்ப் பெட்டி எல்லாவற்றையும் ஒதுக்கி, மாற்றுச் சக்கரத்தின் மேல் கிடந்த பலகையைத் தூக்கினான். பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று நோட்டுகளும் அப்படியே கிடந்தன. ரப்பர் வளையம் மட்டும் இற்று அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது.

"கையெழுத்துக் கேட்டீங்களே, அந்தக் கடுதாசியக் காட்டுங்க," என்றான். காமினி நீட்டினாள். இங்கிலீஷில் இருந்ததை நின்ற இடத்திலேயே படித்து முடித்தான்.

"நான் ஒன்னும் குடுக்கலன்னு கையெழுத்துப் போடணும். அப்ப தப்பு யாரோடது ஆகும்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"சரி, போடறேன்லா." குணாளன் ஒரு கவிழ்த்துப் போட்ட எண்ணெய் வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "ஆனா மொதல்ல நீங்க இதப் படிக்கணும். இங்கயே. சத்தமா. படிச்சு முடிச்சிட்டு, அதுக்கப்புறமும் கையெழுத்து வேணும்னு சொன்னீங்கன்னா போட்டுத் தரேன். கேள்வி கேக்க மாட்டேன்."

அவன் விளையாடவில்லை என்று காமினிக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்தது சுத்தமான வெறுப்பு. இரண்டு வருடம் ஆறாமல் வைத்திருந்த வெறுப்பு. வெறுப்பில் அவளும் குறைந்தவள் இல்லை. அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்தால் கையெழுத்து கிடைக்காது. வாளியில் உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்திலேயே தடுக்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தன் குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. பட்டறையின் மறு கோடியில் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தவன் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். குணாளன் தூணில் சாய்ந்து நின்றான். எந்த இடத்திலும் அவன் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நவம்பர் ஏழு. சொட்டைத்தலைக்கு வயிற்றுப்போக்கு. தனியாக உட்கார்ந்திருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு ஒரு கரண்டி தயிர், பாதி வாழைப்பழம். பாதி தின்றது." அடுத்த நாள், அதற்கடுத்த நாள். மேனேஜர் என்று அவன் பெயர் வைத்திருந்த தடித்த ஆண் குரங்கு, ஒற்றைக்காது, குட்டிக்காரி. எது, எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி, எவ்வளவு மீதம். அவளுடைய படிவத்தைவிட இது ஒழுங்காக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது நோட்டில், "நவம்பர் பதிமூன்று. கோணவாலும் இன்னும் மூன்றும் மேல்பாறையில் கிடக்கின்றன. மழை. வழுக்குகிறது. கிட்டப் போக முடியவில்லை. தயிர் கொடுக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் நானே சாப்பிட்டேன். நவம்பர் பதினைந்து, மழை விட்டு மேலே ஏறியபோது நான்கின் மாதிரியும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது."

காமினி நிறுத்தினாள். மேல்பாறையில் நான்கு. அவள் பின்னிணைப்பில் தள்ளிய விதிவிலக்குகள் நான்கு. அந்த நான்கின் வரைபடம் அவளுக்கு மனப்பாடம். அவற்றில் நல்ல கிருமிகள் ஏறவில்லை, சரிந்திருந்தன. வயிற்றைக் கெடுக்கும் கூட்டம் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. வைரஸ் வந்தால் காட்டுக் குரங்கின் குடலில் என்ன நடக்கிறது என்ற அவளுடைய கேள்விக்கு ஒழுங்கான பதிலை அந்த நான்குதான் சொல்லிக்கொண்டிருந்தன. அவள் ஐந்து வருடம் அலைந்து கண்டுபிடித்ததைத் தன் கையாலேயே குப்பையில் போட்டுவிட்டு, தயிருக்குப் பட்டாபிஷேகம் செய்திருந்தாள்.

மனசாட்சி விழித்துக்கொண்டது என்று இந்த இடத்தில் சொல்லிவிடலாம்தான். உண்மையில் முதலில் விழித்தது ஆராய்ச்சிக்காரியின் ஆசை. இந்த நோட்டு இருந்தால் எதற்குத் தயிர் போனது, எதற்குப் போகவில்லை என்று பிரித்துவிடலாம். நான்கு போதாது, ஆனால் நான்கிலிருந்து தொடங்கலாம். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், தேர்வு தள்ளிப் போகும், வேலை வேறு யாருக்காவது போகும், சொந்தக்காரர்கள் இன்னொரு சுற்று சிரிப்பார்கள். ஆனாலும் தாளைப் புரட்டும் விரல் வேகமாயிற்று.

"நிறுத்தாதீங்க. முடிக்கல," என்றான் குணாளன்.

"நான் பாத்துட்டேன். எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு."

"உங்களுக்கு வேண்டியது. எப்பவும் அதானே. மூணாவது நோட்டு, கடைசிப் பக்கம்."

காமினி அதை எடுத்தாள். எழுத்து இங்கே கொஞ்சம் பெரிதாக, அழுத்தமாக இருந்தது.

"நவம்பர் இருபத்தொன்று. இன்று மேடம் மாணவர்கள் முன்னால் என்னைப் பற்றிச் சொன்னது. இவருக்குச் சொல்லிக் கொடுத்த நேரத்தில் இந்தக் குரங்குகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவை கற்றுக்கொண்டிருக்கும். மாணவர்கள் சிரித்தார்கள். மேடம் இதை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு..." வரியின் மேல் விரலை வைத்து மறுபடி தொடங்கினாள். "எனக்கு இங்கிலீஷ் புரியும். மலையில் நடப்பதை ஒன்று விடாமல் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்."

கல்யாண மண்டபங்களில் சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். அந்த நாளில் மலையில் சிரித்த மாணவர்களின் முகம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. சொன்னதே ஞாபகத்தில் இல்லை. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசும் அவமானம்.

குணாளன் கடிதத்தை எண்ணெய்க் கையோடு காரின் மேல் விரித்து வைத்தான். "பேனா குடுங்க."

அவன் போட்டுவிடுவான். சொன்ன வார்த்தைப்படி போட்டுவிடுவான், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவளைப் பார்த்துக் காறித் துப்பும் உரிமையை வைத்துக்கொள்வான். பேனா அவள் பையில்தான் இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"வேணாம்," என்றாள் காமினி.

அலைபேசியை எடுத்துச் சிவநேசனுக்கு எழுதினாள். நூர் ஃபாத்திஹாவின் சோதனை சரி. தவறு என்னுடையது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், புதன்கிழமைத் தேர்வைத் தள்ளி வைக்க வேண்டும். அனுப்பிவிட்டு, அனுப்பியதை அவனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுக் கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இந்த நோட்டு மட்டும் போதாது. தயிர் எந்தப் பால்ல தோச்சது, எந்தப் பக்கம் வச்சீங்க, வேற எது வந்து தின்னுச்சு, எல்லாம் வேணும். நீங்க சொன்னாதான் உண்டு. அண்ணே, கொஞ்சம்..."

"அண்ணேலாம் வேணாம். அதுக்கு நேரம் போயிருச்சு." குணாளன் முதன்முறையாகக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "நான் ஊட்டுன ஏழும் பொழச்சுச்சு. அது தெரியுமா உங்களுக்கு? மேல்பாறையில கெடந்த நாலுல ரெண்டு போச்சு."

ஏழு குரங்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, காரணம் வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று அவள் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள்.

"சொல்றேன். இப்பவே சொல்றேன், மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு," என்றான். "ஆனா நீங்க பேசக் கூடாது. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும். இங்கிலீஷ்ல இல்ல. தமிழ்ல."

காமினி கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"நவம்பர் ஏழு," என்றான் குணாளன். தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் பார்வையை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொன்னான். "சொட்டைத்தலை. காலையில ஆறே முக்கால். ஒரு கரண்டி தயிரு, பாதி வாழப்பழம். குடுத்தது குணாளன்."

அவள் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும் வரை அவன் காத்திருந்தான்.

"எழுதிட்டீங்களா? கீழ இன்னொரு வரி. குடுக்க வச்சது யாருன்னும் எழுதுங்க."

காமினி தன் பெயரை எழுதினாள்.